குரைக்காத நாய்களின் சரித்திரம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் பாதையில், களனி கங்கை பாறைகளுக்கிடையே இரைந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது கித்துல்கல. அங்கே வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது, இல்லாத ஒரு பாலம். 1957இல் வெளிவந்த ‘க்வாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கட்டப்பட்டு, படத்துக்காகவே தகர்க்கப்பட்ட பாலம் அது. சினிமாப் பாலத்துக்குக் கிடைத்த கீர்த்தி, அதே ஊரின் காட்டுக்குள் இருக்கும் பெலிலென குகைக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர்களின் எலும்புகளும், அவர்கள் செதுக்கிய சிறு கற்கருவிகளும், வேட்டையாடித் தின்ற பிராணிகளின் எச்சங்களும் அந்தக் குகை மண்ணிலிருந்து கிடைத்தன. இதே சபரகமுவ மாகாணத்தில், காலத்தால் பிந்திய பெல்லன்பந்தி பலஸ்ஸ என்ற இடத்தில் நாயின் எலும்புகளும் அகப்பட்டிருக்கின்றன. காடும் வேட்டையும் நாயும் மனிதனுக்குப் பொதுவாயிருந்த காலம் ஒன்று உண்டு என்பதற்கு அவை சாட்சி.

அந்தப் பொதுமை எப்படிப் பறிபோயிற்று? மன்னர்களின் பட்டியலைப் பார்ப்பதைவிட, நாய்களைப் பற்றி இயற்றப்பட்ட சட்டங்களைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம்மை ஆள வந்த ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

இங்கிலாந்தில் ‘லர்ச்சர்’ என்று ஒரு வகை நாய் உண்டு. அதைத் தனி இனம் என்று சொல்வதற்கில்லை. அங்குள்ள நாய்ச் சங்கம் இன்றுவரை அதை ஓர் இனமாக ஒப்புக்கொள்ளவில்லை. கிரேஹவுண்ட் என்ற ஒல்லியான ஓட்ட நாயை ஆட்டிடையனின் காவல் நாயோடு, அல்லது டெரியரோடு சேர்த்துப் பெறும் கலப்பு அது. கிரேஹவுண்ட் கண்ணால் கண்டதைக் காற்றாய்த் துரத்தும். ஆனால் முயல் புதருக்குள் மறைந்துவிட்டால் திகைத்து நின்றுவிடும். அதன் மெல்லிய தோல் முள்ளையும் குளிரையும் தாங்காது. இடையனின் நாய்க்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் மோப்பமும் மதியும், எசமானின் முகக்குறிப்பை அறியும் திறனும் உண்டு. இரண்டையும் சேர்த்து, பிறந்த குட்டியை மறுபடியும் கிரேஹவுண்டோடு சேர்த்து, வேகம் மிஞ்சாமலும் மதி குன்றாமலும் அளவு பார்த்து வளர்த்தவர்கள் கிராமத்துக் கூலிகளும் நாடோடிகளும் ஆவர். எந்தப் பிரபுவும் அந்த நாய்க்கு வம்சாவளி எழுதி வைக்கவில்லை.

அதற்கு அளிக்கப்பட்ட பயிற்சி இன்னும் கவனிக்கத் தக்கது. முதற்பாடம் குரைக்காமலிருப்பது. அடுத்தது, பிடித்த முயலைக் கடித்துக் குதறாமல் உயிரோடு கொண்டுவந்து கையில் கொடுப்பது. வாய்விட்டுக் கூப்பிடாமல் கையசைவுக்கே கீழ்ப்படிவது, அந்நியர் வந்தால் எசமானோடு சம்பந்தமே இல்லாதது போல் விலகிப் போவது என்று பாடங்கள் தொடரும். பிரபுவின் வேட்டை நாய்களோ கூட்டமாக ஊளையிட்டுக்கொண்டு ஓடும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் குதிரை மேலிருக்கும் பிரபு பின்தொடர்வார். தன் நிலத்தில் வேட்டையாடுகிறவன் எதற்காக ஒளிய வேண்டும்? ஆகவே ஒரு நாயின் முழக்கத்தையும் இன்னொரு நாயின் மௌனத்தையும் இயற்கையின் கணக்கில் எழுதுவது சரியன்று. நிலவுடைமைச் சட்டம் நாயின் தொண்டை வரைக்கும் போயிருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

அந்தச் சட்டங்கள் சாமானியமானவையல்ல. அரசனின் வேட்டைக் காடுகளில் வாழ்ந்த குடிகளின் நாய்களுக்கு முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் அதற்கு வரம்பு கட்டியதே ஒரு சலுகையாகக் கருதப்பட்டது. 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1390இல், ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானமுள்ள நிலமில்லாத எவனும் வேட்டை நாய் வைத்திருக்கலாகாது என்று பாராளுமன்றம் விதித்தது. தொழிலாளர் திருநாட்களில் கோயிலுக்குப் போகாமல் வேட்டைக்குப் போகிறார்கள், அங்கே கூடிக் கலகத்துக்குச் சதி செய்கிறார்கள் என்று அச்சட்டம் காரணமும் கூறிற்று. முயல் குறைந்துவிடும் என்பதைவிட மக்கள் கூடிவிடுவார்கள் என்ற அச்சமே பெரிதாயிருந்தது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், போதிய சொத்தில்லாதவன் வைத்திருக்கக் கூடாதவற்றைத் துப்பாக்கி, வலை என்று அடுக்கும்போது லர்ச்சரின் பெயரையும் சொல்லியே தடுத்தது. 1828இல் வந்த இரவு வேட்டைச் சட்டப்படி மூன்றாம் முறை பிடிபட்டவனுக்குத் தண்டனை நாடுகடத்தல். சொத்துத் தகுதி 1831இல்தான் நீங்கிற்று. நீங்கிய பின்னும் நிலம் கைமாறவில்லை. எனவே நாயின் மௌனமும் மாறவில்லை.

இந்த அநுபவத்தோடுதான் ஆங்கிலேயர் இலங்கையின் காடுகளை நோக்கினார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அநுமானித்துக்கொண்டது. கண்டிக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிக் குரக்கன் விதைத்த நிலத்துக்கு எழுத்துச் சாட்சி எங்கே போவான்? அந்த நிலம் காப்பித் தோட்டமாயிற்று. 1847இல் காப்பி விலை சரிந்தபோது தோட்ட முதலாளிகளுக்கு ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1848இல் டொரிங்டன் பிரபு மக்கள் மீது புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங். கடைக்கு, வண்டிக்கு, படகுக்கு வரி. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை. இவற்றோடு நாய் வரி.

நம் பாடப் புத்தகங்களில் நாய் வரி ஒரு கோமாளித்தனம் போலக் குறிப்பிடப்பட்டுக் கடந்துபோகிறது. ஆசிரிய நண்பர்கள் அந்த வரியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றுவது துப்பாக்கியும் நாயுமே. இரண்டுக்கும் வரி போடுவது பயிருக்கே வரி போடுவதாகும். சட்டத்தின் எழுத்து துரையின் நாய்க்கும் குடியானவனின் நாய்க்கும் ஒன்றுதானே என்று கேட்போர் உண்டு. நாணயமே அரிதாகப் புழங்கிய குடிசைக்கும் பங்களாவுக்கும் ஒரே வரி என்றால், அந்தச் சமத்துவத்தின் இலட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவ்வாண்டு ஜூலையில் மக்கள் கண்டிக் கச்சேரிக்குத் திரண்டு வந்து முறையிட்டார்கள். மாதக் கடைசியில் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவ நீதிமன்றங்கள் பதினெட்டுப் பேரின் உயிரைக் குடித்தன. பிறகு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் விசாரணை நடந்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து போனார்.

அதே 1848இல் நுவரெலியாவில் குடியேற இங்கிலாந்திலிருந்து ஒரு துரை வந்தார்: சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழடைந்தவர் இவரே. தம்மோடு வேட்டை நாய்களையும் கொண்டுவந்தார். கித்துல்கலையைத் தொட்டு ஓடும் களனியின் ஊற்றுகள் பிறக்கும் அந்த உயர்ந்த மலைவெளிகளில் மரைகளை நாய்விட்டு மறித்து, கத்தியால் குத்திக் கொல்வது அவரது விளையாட்டு. 1854இலும் 1855இலும் அவர் வெளியிட்ட இரு நூல்களும் இந்த வேட்டைகளை உற்சாகத்தோடு விவரிக்கின்றன. ஸ்மட், கில்பக் என்று நாய்களின் பெயர்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பெற்ற தாய் தந்தை எவை, எந்தக் கலப்பு மோப்பத்துக்கு ஏற்றது, எது பாய்ந்து பற்றுவதற்கு ஏற்றது என்றெல்லாம் நுணுக்கமாக ஆராய்கிறார். தூய இன நரிவேட்டை நாய் இந்தக் காட்டுக்கு ஒவ்வாது, கலப்பே வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இங்கிலாந்தின் ஏழை எவ்வளவோ காலமாக இரகசியத்தில் செய்துவந்த அதே வித்தைதான் இது! அங்கே சிறைக்கு வழிகாட்டிய வித்தை இங்கே கனவானின் பொழுதுபோக்காயிற்று. அவர் நாய்கள் காடு அதிர முழங்கிக்கொண்டு ஓடின. அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் அவற்றுக்கில்லை.

காப்பி அழிந்து தேயிலை வந்தது. களனிப் பள்ளத்தாக்கில் ரப்பரும் வந்தது. 1903இல் யட்டியாந்தோட்டைவரை சிறு ரயிலும் வந்தது. இந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் கூட்டிவந்த நம் மக்களில் பலர், நாய் வளர்ப்பில் பெயர்பெற்ற சீமையிலிருந்து வந்தவர்கள். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்னும் ஊர்ப்பெயர்களே அங்கே நாய்ப்பெயர்களாகவும் வழங்குகின்றன. அந்தப் புஞ்சைக்காடுகளில் முயல் விரட்டவும் பட்டி காக்கவும் பழகிய நாய்களை விட்டு, தலையில் கடனைச் சுமந்து கடல் தாண்டியவனுக்குத் தோட்டத்தில் கிடைத்தது பத்தடி லயன் அறை. பங்களாவில் துரையின் நாய்க்குச் சோறு வைக்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆளும் லயத்திலிருந்துதான் போனான்.

1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இலங்கையின் நாய்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. பதிவில்லாத நாயைப் பிடித்து அழிக்கலாம். அரை நூற்றாண்டுக்குள், 1948இல், இன்னொரு பதிவுப் பிரச்சினை எழுந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், முன்னோர் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு, தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சேனைக்குப் பத்திரம் கேட்ட 1840இன் குரலை அதில் கேட்க முடிகிறது. 1964இன் சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. மிச்சமிருந்தோரின் பிரஜாவுரிமை முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆயிற்று. நிலம் இன்னும் தீரவில்லை.

1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் மரைக்குப் பாதுகாப்பளித்தது. அது வேண்டிய சட்டமே. ஆனால் லயத்தை அடுத்த கையகல மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போனால் தொழிலாளி என்ன செய்வான்? துப்பாக்கிக்கு அநுமதிப்பத்திரம் வேண்டும். நாய் பன்றியை மறிக்கும், ஆனால் குரைத்துக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அவன் மோட்டார் வண்டியின் பழைய பிரேக் கம்பியை வளைத்துப் புதரில் சுருக்கு வைக்கிறான். கம்பிக்குச் சோறு வேண்டாம், பதிவு வேண்டாம்; அது சத்தமும் போடாது. ஆனால் பன்றி எது, வேறு பிராணி எது என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாதத்தில், கித்துல்கலைக்கு மேலே மஸ்கெலியாப் பகுதியின் நல்லதண்ணியில், ஒரு மரக்கறித் தோட்டத்தருகே இத்தகைய சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. அதை உயிரோடு மீட்டுக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. பத்திரிகைகள் சிறுத்தைக்காகக் கண்ணீர் வடித்தன. நாங்களும் வருந்தினோம். அந்தப் பாத்தி யாருடைய நிலத்தில் இருந்தது, அதை நட்டவனுக்கு அதன்மேல் என்ன உரிமை என்று அந்தக் கிழமை எங்கள் கண்ணில் பட்ட செய்திகளில் எதுவும் கேட்கவில்லை.