கமரா சொன்ன சாட்சி

1969 டிசம்பர் 6. கலிபோர்னியாவின் அல்டமொன்ட் காரோட்டப் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவச இசை நிகழ்ச்சி. ஏறக்குறைய 3 இலட்சம் பேர் திரண்டிருந்தனர். இடம் கடைசி நேரத்தில் மாறியதால், வேறோர் இடத்துக்கெனத் திட்டமிட்ட தாழ்வான மேடையே அங்கும் போடப்பட்டது. அதைச் சூழக் காவல் நின்றது 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கும்பல்.

மேசில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் உருவாக்கிய 'கிம்மி ஷெல்டர்' (1970) என்ற ஆவணப்படம் அந்நாளைக் காட்டுகிறது. பாட்டின் நடுவே சனம் விலகுகிறது. மெரிடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞன், கையில் துப்பாக்கி. கும்பலைச் சேர்ந்த ஒருவன் பாய்ந்து கத்தியால் குத்துகிறான். சில விநாடிகள்தாம். மேடையில் நின்று பாடிய மிக் ஜெகர், பின்னர் படத்தொகுப்பு மேசையருகே அமர்ந்து அக்காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார். அதுவும் படத்தில் இருக்கிறது.

வழக்கு விசாரணையில் ஜூரிமாருக்கும் அத்துண்டு காட்டப்பட்டது. தற்காப்பு என்று கொண்டு 1971இல் குத்தியவனை விடுவித்தனர். துப்பாக்கி படத்தில் தெரிந்தது. அதற்கு முன் ஹன்டர் தாக்கப்பட்டதாக நேரில் கண்டோர் கூறியது அத்துண்டில் இல்லை.

கமரா பொய் சொல்லாது என்போம். சரிதான். ஆனால், அது எந்தக் கணத்தில் கண் திறந்தது என்பதையும் வரலாறு படிப்பவன் கேட்க வேண்டும்.