மலிவும் தேர்வும்: சிற்றூர்க் கேபிள் சந்தையில் கட்டண ஒழுங்குமுறை

கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் சேனல் விலைக்கு அப்பால் இணைப்புக்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்) 2024 ஜூலை 8 அன்று நீக்கியது. சந்தையில் போட்டி வளர்ந்துவிட்டது, இனி விலையைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. சென்னையில் இருந்து பார்ப்பவருக்கு இது நியாயமாகவே படும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்புப் பக்கம் உள்ள சுந்தரபாண்டியம் போன்ற ஒரு பேரூராட்சியில் நின்று பார்த்தால் கேள்விகள் எழுகின்றன. எந்தப் பரப்பைச் சந்தை என்று கொண்டு போட்டியை அளந்தார்கள்? மாநிலத்தையா, மாவட்டத்தையா, தெருவையா? தொலைக்காட்சிக் கட்டணத்தைப் பொறுத்தவரை தெருவே சந்தை என்பதும், அதைக் கணக்கில் கொள்ளாத எந்த விலை ஒழுங்கும் நேயருக்கு மலிவைத் தரலாமே தவிரத் தேர்வைத் தராது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கேபிள் தொழிலில் இருப்பவர்கள் 'லைன்' என்றுதான் பேசுவார்கள். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஃபைபர் வரும். அது நோடில் முடிந்து, அங்கிருந்து மின்கம்பங்களின் வழியே ஆம்ப்ளிஃபையர்களைத் தாண்டி வீட்டுக்குள் கேபிள் இறங்கும். ஒரு தெருவுக்கு ஒருவர் லைன். அதே தெருவில் இன்னொருவர் இறங்க வேண்டுமானால் இத்தனையையும் மறுபடி போட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள வீடுகளில் பாதியைப் பிடிக்க வேண்டும். சிறிய ஊரில் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால் ஆபரேட்டர்கள் எல்லை பிரித்துக்கொள்கிறார்கள். தொழிலை விட்டுப் போகிறவர் லைனை விற்கும்போது விலை பேசப்படுவது வயருக்கு மட்டுமன்று, அதில் தொங்கும் வீடுகளின் எண்ணிக்கைக்கும்தான். இந்த வழக்கத்தை ஆபரேட்டரின் பேராசையாகக் காண்பது தவறு. மழைக்காலத்தில் கம்பம் ஏறி அறுந்த வயரைக் கட்டுபவர் அவர்தான், பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர். ஆயினும் வீட்டு வாசலில் நின்று மாதப் பணம் வாங்குபவர் ஒருவரே என்றால், ரசீது தர வேண்டும் என்ற விதி ஏட்டில் இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கும் வலு நேயருக்கு இருப்பதில்லை.

போட்டிச் சட்டமும் இந்தத் தெருவைக் கண்டதில்லை. பஞ்சாபில் ஃபாஸ்ட்வே கேபிள் நிறுவனம் ஒரு செய்திச் சேனலைத் தன் வலையிலிருந்து விலக்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் பஞ்சாபையும் சண்டிகரையும் சேர்த்தே ஒரு சந்தையாகக் கொண்டது. ஆதிக்க நிலை தவறாகப் பயன்படுத்தப்பட்டதை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது, அபராதத்தை மட்டும் விலக்கியது. சேனலுக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தீர்க்க அந்த அளவுகோல் போதும். மாற்று ஆபரேட்டர் இல்லாத குடும்பத்தின் நிலை அதில் பதிவாகாது.

தமிழ்நாட்டில் விலையை உண்மையில் அசைத்தது அரசு கேபிள் டிவி. 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிய பின் பெட்டி இல்லாத வீடு அருகிப்போனது. பெட்டி இலவசம், மாதக் கட்டணம் இலவசமன்று. ஏழைக் குடும்பங்களும் கேபிள் சந்தைக்குள் வந்தன. சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் ஓங்கியிருந்த அச்சந்தையில் 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பதிவானது. தஞ்சாவூர், வேலூர், கோவை, திருநெல்வேலியில் கட்டுப்பாட்டு அறைகள் வந்தன. 2008 இறுதியில் ஆளும் தரப்புக்கும் சன் குழுமத்துக்கும் இடையே அரசியல் சமரசம் ஏற்பட்டதும் அந்த முயற்சி முடங்கியது. ஆட்சி மாறியபின், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அது மீண்டும் வந்தது. அதுவரை அதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கட்டிவந்த வீடுகளுக்கு இது சிறிய சலுகையன்று. தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது: விலை குறைந்தபோது தேர்வும் குறைந்தது. மாநில அரசு அமைப்புகள் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று ட்ராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது.

அதே ஆண்டு மார்ச்சில் ட்ராயின் புதிய கட்டண ஆணை வந்தது. பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு என்பது அதன் உறுதிமொழி. ஸ்டார் இந்தியாவும் விஜய் டெலிவிஷனும் அதை எதிர்த்து வந்தது சென்னை உயர் நீதிமன்றத்துக்கே. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மே மாதம் மூன்றாவது நீதிபதி ஆணையை ஏற்றார். அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2019இல் 100 சேனல்களுக்கான நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயாக இருந்தது. தனியாக எடுத்தால் அன்று சன் டிவி 19, ஸ்டார் விஜய் 17. கூட்டினால் 166, 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 195 ரூபாய் 88 காசு. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு கேபிள், கட்டணச் சேனல்களையும் உள்ளடக்கிய தன் தொகுப்பை 220 ரூபாயிலிருந்து 130 ஆகக் குறைத்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. உச்சவரம்புக் கட்டணத்தில் இரண்டே சேனலைத் தேர்ந்தெடுத்தவர், எதையும் தேர்ந்தெடுக்காமல் தொகுப்பை வாங்கியவரைவிட 42 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. இந்த நிலையில் எந்தக் குடும்பம் பட்டியலை வைத்துக்கொண்டு சேனல் சேனலாகப் பொறுக்கும்?

தனிச் சேனலின் விலையை உயர்த்தி வைத்துவிட்டுத் தொகுப்பைத் தள்ளுபடியில் தரும் உத்தி ஒளிபரப்பாளர்களிடமும் உண்டு. தொகுப்பில் சேரும் சேனலின் உச்ச விலை 19 ரூபாய் என்றானதும் முன்னணிச் சேனல்கள் பல அந்த 19க்கே வந்து நின்றன. ட்ராய் 2020இல் அதை 12 ஆக்கியது. 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆக்கி, தொகுப்புத் தள்ளுபடிக்கு 45 விழுக்காடு எல்லை வைத்தது. தொகுப்பே நேயருக்கு நல்லது என்று வாதிடும் பொருளியலும் இருக்கிறது. அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்து கிராஃபோர்டும் யுருகோக்லுவும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, சேனல்களைத் தனித்தனியே விற்றால் விநியோகஸ்தர் தரும் விலை இரு மடங்காகும், நேயரின் நன்மை கூடாது என்று கண்டது. வலுவான ஆய்வு அது. ஆனால் அங்கே ஒரே மொழியில் பல்வகைச் சேனல்கள், சிதறிய விருப்பங்கள். தமிழ்க் குடும்பத்தின் விருப்பம் ஐந்தாறு தமிழ்ச் சேனல்களில் குவிந்திருக்கிறது. மற்றவை தொகுப்போடு ஒட்டிவருபவை. மேலும் இங்கே முன்னணிச் சேனல்களுக்கு விளம்பர வருவாய் பெரிது. விலையை மிகையாக ஏற்றினால் பார்வையாளர் குறைவர், விளம்பரமும் குறையும். ஆகவே அமெரிக்க முடிவை அப்படியே இங்கே பொருத்த இயலாது.

மொட்டை மாடியில் டிஷ் வைத்துக்கொள்ளலாமே என்பது வலுவான மறுப்பு. 2007 டிசம்பரில் சன் டைரக்ட் 75 ரூபாய்த் திட்டத்துடன் வந்தபோது டிடிஎச் சிற்றூர்களுக்குள் பரவியது மெய்யே. எனினும் மாற நினைப்பவர் புதிய டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் மறுபடி பணம் போட வேண்டும். பழைய செட்டாப் பாக்ஸ் பரணுக்குப் போகும். கூலிக்குப் போகும் வீட்டில் மாறுவதற்கான இந்தச் செலவே கதவை அடைத்துவிடுகிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வட இந்தியாவில் இந்தி நேயருக்கு உண்மையான மாற்று. தமிழின் பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் அதில் இல்லாததால் இங்கே அது அச்சுறுத்தும் போட்டியாகவில்லை. கைபேசி வழிப் பார்வை கூடிவருகிறது. ஆனால் அதற்கு டேட்டா ரீசார்ஜ் தனிச் செலவு.

எஞ்சுவது அரசு கேபிள் தந்த மலிவு. அதுவும் உறுதியான தரையில் நிற்கவில்லை. 2008இல் அதை முடக்கியது அரசியல். 2022 நவம்பரில், மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்துடன் எழுந்த பிணக்கால் பல லட்சம் வீடுகளில் திரை இருண்டது. அந்த நாள்களில் சிற்றூர் நேயருக்கு மாறிச் செல்ல வழி இருந்திருந்தால் பாதிப்பு குறைந்திருக்கும்.

வழி தெரியாத சிக்கல் அன்று இது. எந்த நிறுவனத்தின் சேவையையும் ஒரே செட்டாப் பாக்ஸில் பெறும் வசதி வேண்டும் என்று ட்ராயே 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். நெட்வொர்க் கட்டண வரம்பு நீங்கியது நீங்கியதாகவே இருக்கட்டும் என்றால், கம்பிவழி ஆபரேட்டர் ஒருவரே உள்ள பகுதிகளுக்காவது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு முதல் தேவை, எந்தத் தெருவில் எத்தனை லைன் என்ற பொதுப் பதிவேடு. ஆபரேட்டர்கள் தபால் நிலையத்தில் பதிவுசெய்துவந்த தொழில் இது. அந்தப் பதிவுகளோடு பேரூராட்சி வார்டு விவரங்களைச் சேர்த்தாலே பதிவேட்டுக்கு அடித்தளம் கிடைத்துவிடும். ட்ராய் இந்த வேலையைச் சுந்தரபாண்டியம் போன்ற பேரூராட்சிகளிலிருந்து தொடங்க வேண்டும்.