சிப்பாய் பூம்

1948இல் வெளிவந்த சுவீடன் நாட்டு நகைச்சுவைப் படம், கறுப்பு வெள்ளை. சுவீடிய மொழியில் ‘சொல்டாட் பூம்’. இயக்கியவர் லார்ஸ்-எரிக் ஷெல்கிரென். நாயகன் ஃபாபியான் பூமாக நடித்தவர் மால்மோ நகரில் 1908இல் பிறந்த நில்ஸ் பொப்பே.

சுவீடன் 1901இல் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு மாறியது. அதன்பின் பாசறை வாழ்க்கை ஊருக்கெல்லாம் பழகிய சங்கதியாயிற்று. அணிவகுப்பில் தடுமாறுபவனைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குஸ்தாவ் ஏட்கிரென் 1930இல் எடுத்த ‘குரோனன்ஸ் கவல்யேரெர்’ படத்தில் ஃப்ரிடோல்ஃப் ருதீன் சிப்பாயாக வந்தார். ருடோல்ஃப் பீட்டர்சொன் 1932இல் தொடங்கிய ‘91ஆம் எண் கார்ல்சொன்’ சித்திரக்கதை 1946இல் திரைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நாடு நடுநிலை வகித்தாலும், லட்சக்கணக்கான ஆண்கள் காவல் பணிக்கு அழைக்கப்பட்டு மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்தார்கள். இந்தப் பாசறைக் கேலிப் படங்களை விமர்சகர்கள் பெரும்பாலும் மட்டமாகவே பேசினார்கள். கொட்டகைகளோ நிரம்பின.

அந்த வரிசையில் பூம் தனித்து நிற்பவன். ராணுவக் கேலிப் படங்களின் வழக்கமான நாயகன் சோம்பேறியோ வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனோதான். பூம் நேர்மாறு. ரயில் நிலையத்தில் சட்டப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்கும் ஊழியன். அதே கண்டிப்போடு பட்டாளத்தில் சேர்கிறான். கீழ்ப்படியாமையால் அல்ல, அளவுக்கு மீறிக் கீழ்ப்படிவதாலேயே அவன் அதிகாரத்தைத் திணறடிக்கிறான். உருவத்தில் சிறியவரான பொப்பே விறைப்பான சல்யூட்டையும் நடனக்காரரின் நெளிவையும் ஒரே உடம்பில் காட்டியதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

பூம் பாத்திரம் ‘பாப்பா பூம்’ (1949), ‘துல் பூம்’ (1951), ‘ஃப்ளிக் பூம்’ (1952) ஆகிய படங்களில் தொடர்ந்தது. முதல் படத்தின் பலம் அவற்றில் குறைவே.

பொப்பேயை வெறும் கோமாளியாக எண்ணியவர்களுக்கு இங்மார் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) பதில் சொன்னது. அதில் அவர் நாடோடிக் கூத்தாடி யோஃப். சத்திரத்து மேசைமேல் ஏற்றி, கரடிபோல் ஆடச் சொல்லிக் கூட்டம் அவரை மிரட்டும் காட்சியில், சிரிக்க வைக்கப் பழகிய அதே கால்கள் அச்சத்தில் தாளம் தவறாமல் ஆடுகின்றன. பூம் படத்தில் உடன் நடித்த குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்டும் இங்கா லாண்ட்கிரேயும் அதிலும் இருக்கிறார்கள்.

1966 முதல் 1993 வரை ஹெல்சிங்போரி நகரின் ஃப்ரெட்ரிக்ஸ்தால் திறந்தவெளி அரங்கில் கோடைதோறும் நகைச்சுவை நாடகங்களை நடத்திய பொப்பே, 2000இல் காலமானார்.