பரணில் கிடக்கும் பித்தளை

செஞ்சிக் கோட்டையின் கல்லுக்கெல்லாம் தொல்லியல் துறையின் காவல் உண்டு. 1714இல் செத்துப்போன தேசிங்கு ராஜாவுக்குக் கதை உண்டு. அவன் குதிரைக்கும் உண்டு. வல்லம் பக்கத்துக் காலனியில் ஒரு பேண்டு செட்டுக்காரர் வீட்டுப் பரணில் சூசாபோன் நசுங்கிக் கிடந்தால் அதற்கு என்ன உண்டு? பழைய இரும்புக் கடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை உண்டு.

உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பெரிய வாயைத் திறந்து நிற்குமே, அதுதான் சூசாபோன். அமெரிக்க பேண்டு மாஸ்டர் ஜான் பிலிப் சூசா கேட்டதற்காக 1893இல் பிலடெல்பியாவில் ஜே.டபிள்யூ. பெப்பர் செய்தது. அப்போது வாய் வானத்தைப் பார்த்திருந்தது. மழை பிடிக்கிற வாத்தியம் என்று கிண்டல் செய்தார்கள். பிறகுதான் வாய் முன்பக்கம் திரும்பியது.

நம்ம நாட்டில் பேண்டு அரண்மனையிலும் பட்டாளத்திலும் இருந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். பட்டாள மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதப் பாட்டு கட்டினார். இதையெல்லாம் இசை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. வயலின் சபாவில் உட்கார்ந்துவிட்டது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். சூசாபோனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது தெருவிலேயே நடந்தது. அதைத் தூக்கி நடந்தவர்களில் பலர் நம் ஆட்கள்.

ஏன் தூக்கினார்கள்? பறை, ஊர் போட்ட கட்டளை. சாவுக்கு அடித்தே ஆகணும். பேண்டு அப்படியில்லை. முன்பணம் வாங்கி, கூலி பேசி, சட்டை போட்டு, செருப்புக் காலோடு ஊதுகிற தொழில். கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடக்கிற தொழிலும்கூட. அதனால் இழிவு ஒழிந்துபோச்சா என்று கேட்டால், இல்லை. பந்தியில் எங்கே உட்கார வைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வாத்தியத்துக்கு வருவோம். முதலில் துலக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்தால் வாய்ப்புறத்தில் வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் அழிந்துபோகும். அந்தப் பெயரையும், வால்வு உறையில் எண் இருந்தால் அதையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். மீரட் என்றிருந்தால் அது நம் நாட்டுச் சரக்கு. அங்கே நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. வாய் தனியாகக் கழன்று வந்தால் சூசாபோன். கழலாமல், சிறிய வாயோடு தோள்மேல் நின்றால் அதற்கு முந்திய ஹெலிகான்.

வால்வு இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள், சுத்தியல் தொடாதீர்கள். துருவிளக்கும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் பொறுங்கள். மூன்று வால்வும் ஒன்றுக்கொன்று மாறக்கூடாது. எண் பார்த்துப் போடணும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைத்துக் குழாயைக் கழுவுங்கள். குளவிக்கூடும் வரும். பிறகு ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதினால் காற்று கசிகிற இடம் தெரியும். ஈயப்பற்று விட்ட இடங்கள் அவை. நசுங்கலை எடுக்கவும் பற்று வைக்கவும் வாத்திய வேலை தெரிந்தவர் வேணும். கழுத்துக் குழாயும் அதில் செருகுகிற சிறு வளைவுத் துண்டுகளும்தான் முதலில் காணாமல் போகிறவை. அவை இல்லாமல் வாய் எட்டாது.

படியெடுத்த காகிதத்தின் பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் இதை யார் ஊதினார், யாரிடம் கற்றார், எந்த ஊர்க் கல்யாணத்துக்கு என்ன கூலி வாங்கினார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அப்புறம் துலக்கலாம்.