பெட்டியை மாத்தியாச்சு, வண்டி ஏத்துக்கல!

கொல்லிமலை தேவனூர் நாட்டுல, மிளகு மூட்டையோட ஒரு பிக்கப் வண்டி நின்னுபோச்சு. "ஈசிஎம் போச்சு தம்பி"ன்னு சொல்லி, மெக்கானிக் அண்ணன் அதே மாடல் பழைய பெட்டி ஒண்ண மாட்டினாரு. ஸ்டார்டர் சுத்துது, இன்ஜின் பிடிக்கல. ஏன்?

1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தது. அந்தப் பெட்டியில் மைக்ரோபிராசசரே கிடையாது. முதல் இன்டெல் மைக்ரோபிராசசர் வந்ததே 1971-ல்தான். கழட்டி அதே எண்ணுள்ள வேறொண்ணை மாட்டினால் வேலை முடிந்தது.

பிறகு கார் திருட்டு பெருகியது. 1998 முதல் ஜெர்மனியில் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சாவியில் இருக்கும் ரகசிய எண்ணும் வண்டிக்குள்ள இருக்கிறதும் பொருந்தினால்தான் டீசல் பாயும். பெட்டி வெறும் உதிரிபாகமாக இல்லாமல், அடையாள அட்டை ஆகிவிட்டது.

நம்ம ஊரில் 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. புகை குறைஞ்சது நல்லதுதான். ஆனா மலையில பழைய டீசல் பம்பைக் காதால கேட்டே சரிபண்ணின கைக்கு, இப்போ லேப்டாப்பும் நிறுவனத்தோட அனுமதியும் வேணும்.

கடைசியில வண்டியை இன்னொரு வண்டில ஏத்தி, 70 கொண்டை ஊசி வளைவும் இறக்கினோம். கீழே பார்த்தா, எர்த் வயர் முனையில பச்சைத் துரு. சுரண்டி முறுக்கி, பழைய பெட்டியையே திரும்ப மாட்டினதும் இன்ஜின் பிடிச்சிருச்சு.

சாஃப்ட்வேர்காரனா நான் கத்துக்கிட்டது: கோடைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஒயரைப் பாரு.