பாம்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்து: அல்லி ராணியும் நம்ம வாசிப்பும்

நம்ம வாசிப்பு வட்டத்துல இப்ப ஆறு பேர் ஒரே வகைக் கதையைத்தான் படிச்சிட்டு இருக்கோம். மாயம் இருக்கணும், காதல் இருக்கணும், கதாநாயகி யாருக்கும் அடங்காதவளா இருக்கணும். ஆங்கிலத்துல இதுக்கு ரொமான்டசின்னு பேர் வச்சிட்டாங்க. ஸாரா ஜே. மாஸ் 2015இல் எழுதின 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோஸஸ்', ரெபெக்கா யாரோஸ் 2023இல் எழுதின 'ஃபோர்த் விங்', இதெல்லாம் மடுல்கெல்லயில போன் ஸ்கிரீன்லதான் ஓடுது. கண்டியில புத்தகக் கடைக்குப் போனா ஒரு புத்தகத்தோட விலை நம்ம பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாத்தையும் முழுங்கிடும்.

போன கூட்டத்துல ஒரு தம்பி சொன்னான்: "இதெல்லாம் வெள்ளைக்காரங்க இப்ப கண்டுபிடிச்ச ஃபேஷன் அக்கா. நமக்கு இதுல என்ன இருக்கு?" அன்னைக்கு சரியா பதில் சொல்ல வரல. வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட, இந்த மாதிரி கதை எல்லாம் அந்தக் காலத்துல இருந்துச்சான்னு கேட்டேன். கொழுந்துக் கூடையைத் துடைச்சிட்டே, தலையைக் கூட நிமிர்த்தாம சொன்னாங்க: "அல்லி கதைய விட என்ன இருக்கு?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பிடிச்சிட்டுப் போனதுதான்.

அல்லி அரசாணி மாலை பெரிய எழுத்துப் புத்தகம். சென்னையில பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் மாதிரியான பதிப்பகங்கள் மலிவுத் தாள்ல, கண் மங்கினவங்களும் படிக்கிற அளவு பெரிய அச்செழுத்துல போட்டு, திருவிழாக் கடைகள்ல வித்த வகை. அட்டையில ஆசிரியர் பேர் புகழேந்திப் புலவர்னு இருக்கும். நளவெண்பா பாடின புகழேந்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. வாய்மொழியாப் பாடினதுக்கு ஒரு பெரிய பேரை ஒட்டி வித்திருக்காங்க. வியாபாரம்தான், வேறென்ன. பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, ஏணியேற்றம்னு இதே குடும்பத்துல இன்னும் பல கதைகள் இருக்கு. எல்லாமே பாரதத்தோட ஓரத்துல தொத்திக்கிட்டு இருக்கிற, வியாசர் எழுதாத கதைகள்.

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. மதுரைப் பாண்டியனுக்குப் பிள்ளை இல்லை. அல்லிப் பூவுக்குள்ள ஒரு பெண் குழந்தை கிடைக்குது. நீன்முகன்கிறவன் ஏமாத்திப் பிடிச்சு வச்சிருந்த ராஜ்யத்தைச் சின்ன வயசுலயே அந்தப் பொண்ணு மீட்டு எடுக்கிறா. அப்புறம் அவதான் அரசி. காவலுக்குப் பெண்கள், படைக்குப் பெண்கள், மந்திரிக்கும் பெண்கள். ஆம்பளை வாடையே ஆகாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் இவளைப் பத்திக் கேள்விப்பட்டு ஆசைப்படுறான். நேராக் கேட்டா நடக்காதுன்னு தெரியும். கிருஷ்ணன் பாம்பாட்டி வேஷம் போட, அர்ச்சுனன் பாம்பாகி அவ அரண்மனைக்குள்ள போறான். ராத்திரி அவ தூங்கும்போது தாலி கட்டிடுறான்.

பதிப்புக்குப் பதிப்பு, கூத்துக்குக் கூத்து விவரங்கள் மாறும். ஆனா பாம்பும் தூக்கத்துல கட்டின தாலியும் மாறாது. முழிச்சுப் பார்த்துக் கொதிச்சுப் போறா, சண்டைக்கு நிக்கிறா. கடைசியில சமாதானம் ஆகி, புலந்திரன்னு ஒரு மகன். அந்த மகன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் அங்க பவளக்கொடின்னு இன்னொரு அரசியைப் பார்த்து அவளையும் கட்டிக்கிறான். (இந்தக் கதை 1934இல் கே. சுப்ரமணியம் இயக்கத்துல படமா வந்துச்சு. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். பவளக்கொடியா எஸ்.டி. சுப்புலட்சுமி.)

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க குமரியா இருந்தப்ப, 1960ஐ ஒட்டி, பக்கத்து லயத்துல ஒரு தாத்தா இந்தப் புத்தகத்தை வச்சிருந்தாராம். இஸ்தோப்புல குப்பி லாம்பைக் கொளுத்தி வச்சிட்டு ராகம் போட்டுப் படிப்பார். கொழுந்து எடுத்துட்டு வந்த கையில கறை போகாத பொம்பளைங்க சுத்தி உக்காந்திருப்பாங்க. எல்லாருக்கும் கதை மனப்பாடம். அல்லி நீன்முகனை ஜெயிக்கிற இடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொல்வாங்களாம். பாம்பாட்டி மகுடியை எடுத்ததும், வயசான ஒரு பொம்பளை எழுந்து, "போதும் மாமா, மிச்சத்த நாளைக்குப் படிங்க" ன்னுவாங்களாம். மறுநாள் திரும்ப முதல்லருந்து.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. கதையோட முடிவை மாத்த அவங்களுக்கு வழி இல்லை. அச்சுல இருக்கு. ஆனா எங்க நிறுத்தணும்ங்கிறது அவங்க கையில இருந்துச்சு.

அவங்க பகல் எப்படி இருந்துச்சுன்னும் பார்க்கணும். விடியக்காலம் பிரட்டுக்களத்துல பேர் கொடுக்கணும். மலையில கங்காணி. நிறுவைக்குக் கணக்கப்பிள்ளை. நிறை குறைஞ்சா அரைப்பேரு. அதே நாள் வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்குக் குறைஞ்ச சம்பளம். 1984இல்தான் தோட்டத்துல ரெண்டு பேருக்கும் சம நாட்சம்பளம் ஆச்சு. அந்தக் குறைஞ்ச சம்பளத்தையும் சம்பள நாளன்னைக்குப் புருஷனோ அப்பனோ போய்க் கை நீட்டி வாங்கிட்டு வர்றது பல தோட்டத்துல வழக்கம். அப்பாயியோட சம்பளத்தைத் தாத்தாதான் வாங்கினார். இப்படிப்பட்டவங்க ராத்திரி உக்காந்து, ஆம்பளை கால் வைக்க முடியாத ஒரு ராஜ்யத்தைப் பத்திக் கேட்டிருக்காங்க. கங்காணியும் பொம்பளை, காவலும் பொம்பளை. 'அல்லி ராஜ்யம்', 'அல்லி தர்பார்'னு ஊர்ல ஆம்பளைங்க கேலிக்குச் சொல்ற வார்த்தை, அந்த இஸ்தோப்புல கேலியா இருந்திருக்காது.

அல்லி நம்ம நாட்டுல புத்தகத்துல மட்டும் இல்லை. மன்னார்ப் பக்கம் அரிப்புல கடலோரமா ஒரு இடிஞ்ச மாளிகை நிக்குது. முதல் ஆங்கிலேய ஆளுநர் ஃபிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில கட்டினது, முத்துக்குளிப்பை மேற்பார்வை பண்ணத் தங்குறதுக்காக. கிரேக்கப் பாணித் தூண்கள் வச்சதால வெள்ளைக்காரங்க அதை டோரிக்னு கூப்பிட்டாங்க. ஊர் மக்கள் கூப்பிடுறது அல்லி ராணி கோட்டை. கட்டினவன் பேரைத் தூக்கிப் போட்டுட்டு, அந்தக் கரையை ஆண்டதா அவங்க நினைச்சுக்கிட்ட ஒரு பெண்ணுக்கு அந்த வீட்டைக் கொடுத்திருக்காங்க. கொஞ்சம் தெக்க, வில்பத்துக் கரையில இருக்கிற குதிரைமலையையும் அல்லியோட சேர்த்துச் சொல்ற வழக்கு உண்டு. அரிப்புக் கோட்டையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு இருக்கு. பார்க்கணும்னு நினைக்கிறவங்க சீக்கிரம் போங்க.

இதே மன்னார்க் கரையிலதான் நம்ம முன்னோர் படகு விட்டு இறங்கினாங்க. கோப்பிக் காலத்துல அங்கருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. வாந்திபேதியில வழியிலயே எத்தனையோ பேர் செத்தாங்க. மாத்தளைக்கு ரயில் 1880இல்தான் வந்துச்சு. நடந்து வந்து மிஞ்சினவங்கதான் வத்தேகம, பன்வில, நக்கிள்ஸ் அடிவாரம்னு மேல ஏறினாங்க. அவங்க மூட்டையில புத்தகம் இருந்திருக்காது. நெஞ்சுல கூத்து இருந்துச்சு.

அந்தக் கூத்துல நம்ம பக்கத்துக்கு ரொம்பவும் நெருக்கமானது காமன் கூத்து. மாசி மாசம் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் வேஷம் கட்டி லயம் லயமா ஆடி வருவாங்க. தப்புச் சத்தம் எதிர் மலையில போய் இடிச்சுத் திரும்பும். சிவனோட தவத்தைக் கலைக்கப் போற மதன் எரிஞ்சு போவான், மூணாம் நாள் எழுவான். சின்ன வயசுல எனக்கு வீரபத்திரனைப் பார்த்துத்தான் பயம், எமதூதனைப் பார்த்துத்தான் சிரிப்பு. இப்பப் பார்த்தா அந்தக் கூத்தைத் தூக்கி நிறுத்துறது ரதிதான். கெட்ட கனவு கண்டேன், போகாதேங்கிறா. கேட்காதப்போ விவாதத்துல இறங்குறா. புருஷன் ஒண்ணு சொன்னா அவ எதிரா ஒண்ணு சொல்லுவா. விடியற வரைக்கும் விட மாட்டா. தெய்வம் எரிச்சதைத் தெய்வத்துக்கிட்டயே போய்க் கேட்டு உயிரைத் திரும்ப வாங்குறா. மாயம் இருக்கு, காதல் இருக்கு, அடங்காத பொண்ணு இருக்கா. அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொல்லியிருக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். ரதியா ஆடுறது ஆம்பளை. ரதியோட வாதத்தைக் கட்டினதும் பாடுறதும் ஆம்பளைங்க. நம்ம பொம்பளைங்க சுத்தி நின்னு அழுவாங்க. மேடை அவங்களுக்கு இல்லை.

நாடக மேடையில நிலைமை கொஞ்சம் வேற. 1920களில் தமிழ்நாட்டு நாடகக்காரங்க இலங்கைக்கு அடிக்கடி வந்து போனாங்க. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சந்திச்சது கொழும்புல நாடகம் போடும்போதுதான். 'வள்ளி திருமணம்' அந்த மேடையோட உயிர். தினைப்புனத்துல தனியா நின்னு, வேடன் வந்தாலும் கிழவன் வந்தாலும் வாய்க்கு வாய் பதில் சொல்ற வள்ளி. ஒவ்வொரு ராத்திரியும் தர்க்கம் புதுசா இருக்கும், எழுதி வச்சது இல்லை. சொல்லப்போனா அங்க நடிகைதான் கதாநாயகியோட வாயை எழுதினா. கிட்டப்பா 1933இல் செத்ததுக்கு அப்புறம் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டி, ஆம்பளைக்கு ஜோடியா நடிக்க மாட்டேன்னு நின்னாங்க. 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி, நந்தனாரா ஆண் வேஷமே போட்டாங்க. கதையில வர்ற எந்த அரசியும் இவ்வளவு பேரம் பேசல.

அப்புறம் தொடர்கதைக் காலம். கல்கியோட 'பொன்னியின் செல்வன்' 1950லருந்து 1954 வரை வந்தப்ப, குந்தவையும் நந்தினியும் தமிழ் படிக்கிற எல்லா வீட்டுக்குள்ளயும் போயிட்டாங்க. என் ஓட்டு பூங்குழலிக்கு. கோடிக்கரையிலருந்து நம்ம தீவுக்குத் தனியாப் படகு தள்ளிட்டு வர்ற பொண்ணு. அவ சொந்தமா ஒரு தொழில் தெரிஞ்சவ. சாண்டில்யனை நான் ஒரே மூச்சுல படிச்சிருக்கேன், மறைக்கல. ஆனா அவர் கதாநாயகி வாள் எடுக்கிறதுக்கு முன்னாடி அவ இடுப்பைப் பத்தி மூணு பக்கம் தாண்ட வேண்டியிருக்கு.

தாலிக்கு வர்றேன். மதுரைக்கு இன்னொரு அரசியும் உண்டு. தடாதகை. திசை எல்லாம் ஜெயிச்சு, கயிலாயத்துக்குப் படை எடுத்துப் போய், சிவனைப் பார்த்த நொடியில வெட்கப்பட்டு மீனாட்சி ஆகிறா. அல்லிக்கு அந்த வெட்கம் வரல. அதனாலதான் கதைக்குப் பாம்பு தேவைப்பட்டுச்சு. ரோமாபுரி ஆள் அப்பூலியஸ் 2ஆம் நூற்றாண்டுல எழுதின சைக்கி கதையிலயும், இருட்டுல வர்ற புருஷன் பாம்புன்னு அக்காமார் பயமுறுத்துவாங்க. 1740இல் பிரெஞ்சுல வந்த 'அழகியும் மிருகமும்' கதையில புருஷன் மிருகம். ஸாரா மாஸோட முதல் புத்தகம் அதைத்தான் அடியொத்தி எழுதினது. ஆனா 2016இல் வந்த ரெண்டாம் புத்தகத்துல (படிக்காதவங்க இந்த ஒரு வரியைத் தாண்டிடுங்க) காப்பாத்துறேன்னு சொல்லி மாளிகைக்குள்ள பூட்டி வச்சவனை விட்டுட்டு ஃபேரா வெளியேறிடுறா. நம்ம ஆறு பேரும் அந்த இடத்துலதான் ஒரே நேரத்துல மெசேஜ் போட்டுக்கிட்டோம்.

இந்தக் கதைகளை ரசிக்கிறது பின்தங்கின வேலைன்னு நம்ம தோழர்கள்ல சிலர் நினைக்கிறாங்க. தோட்டத்துப் பொண்ணோட உண்மை வேணும்னா கோகிலம் சுப்பையாவோட 'தூரத்துப் பச்சை' இருக்கே, 1964லயே வந்துடுச்சேம்பாங்க. அதையும் படிச்சேன், அழுதேன். ஆனா அந்த இஸ்தோப்புல உக்காந்திருந்தவங்களுக்குத் தங்களோட உண்மை தெரியாமலா இருந்துச்சு? காலையில ஆறு மணிக்கு அது பிரட்டுக்களத்துல நிக்கும். அவங்க கேட்டது வேற ஒண்ணு.

அந்தப் புத்தகம் இப்ப இல்லை. 1948இல் குடியுரிமை போச்சு, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு. 1970களில் அந்தத் தாத்தா குடும்பத்துக்கும் இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்துச்சு. தலைமன்னாருக்குப் போற அழுகைக் கோச்சியில ஏத்திவிட அப்பாயியும் கண்டி ஸ்டேஷனுக்குப் போனாங்களாம். தகரப் பெட்டியில உடுப்புக்கு நடுவுல புத்தகத்தை வச்சிருந்தார். கேட்டிருந்தா கொடுத்திருப்பார், கேட்கத் தோணலன்னு அப்பாயி இன்னும் சொல்வாங்க.

போன வாரம் இணையத்துல ஸ்கேன் பண்ணின ஒரு பழைய பதிப்பு கிடைச்சுது. ராத்திரி போன்லருந்து அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினேன். ராகம் எனக்கு வரல, ரெண்டு தடவை திருத்தினாங்க. நீன்முகன் தோத்த இடத்துல இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. பாம்பாட்டி வந்ததும் நானே நிறுத்திட்டு அவங்க முகத்தைப் பார்த்தேன்.

"படி," ன்னாங்க. "அவ முழிச்சதும் என்ன பண்றான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."