காணாமற்போன கணவனும் உஸ்மானியர் சட்டமும்

ஹிதாயாவில் ‘மஃப்கூத்’ பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரே வினா எழும். இருக்கின்றானா இறந்தானா என்றறியாத கணவனுக்காக மனைவி எத்தனை காலம் காத்திருப்பது? அவன் வயதையொத்தோர் மறையும்வரை என்பது ஹனஃபி மத்ஹபின் வெளிப்படையான நிலைப்பாடு. அவன் பிறந்து 90, 100, 120 ஆண்டுகள் நிறையும்வரை என்ற கருத்துகளும் உண்டு. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் பொருள் தேடிப் போனவர்களிடமிருந்து கடிதம் நின்றுபோன நம் பக்கத்து வீடுகளுக்கு இது வெறும் கிதாபுப் பாடமன்று.

உஸ்மானியத் துருக்கியரும் ஹனஃபிகளே. அங்கே ஷரீஅத்துடன் சுல்தானின் ‘கானூன்’ சேர்ந்து நடந்தது. சுலைமானின் காலத்தில் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் இரண்டையும் இசைவித்தார். 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1851 விதிகள் கொண்ட ‘மஜல்லா’ உருவாயிற்று. கொடுக்கல் வாங்கல் பற்றிய ஹனஃபி ஃபிக்ஹு, எண்ணிட்ட சட்டநூலாக அரசின் ஆணையால் வந்தது அதில்தான். ஆயினும் நிகாஹையும் தலாக்கையும் அது தொடவில்லை.

தொடவைத்தது முதல் உலகப் போர். முனைக்குப் போனவர் பலர் திரும்பவில்லை. 1917ஆம் ஆண்டின் குடும்ப உரிமைச் சட்டம் ஹனஃபி வட்டத்தைக் கடந்து, உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பையொட்டி இமாம் மாலிக் (ரஹ்) கொண்ட நான்காண்டுத் தவணையை ஏற்றது. பிறந்த மண்ணில் அச்சட்டம் இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை, 1919இல் நீக்கப்பட்டது. 1926இல் சுவிட்சர்லாந்தின் சட்டத்தையே துருக்கி எடுத்துக்கொண்டது. லெபனானிலோ 1917ஆம் ஆண்டின் சட்டம் பின்னரும் வாழ்ந்தது.

இந்தியாவில் அரசு முந்தவில்லை, உலமாக்கள் முந்தினர். மணவிலக்குக்கு வேறு வழியின்றிச் சில பெண்கள் மார்க்கத்தையே துறந்த அவலம் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்களை உலுக்கியது. மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று, 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’வை வெளியிட்டார். ஒரு மத்ஹபின் அறிஞர் இன்னொரு மத்ஹபின் வாயிலில் நின்று கேட்ட இம்முறை, ஆணையால் தேர்ந்தெடுத்த துருக்கியரின் முறையைவிட ஃபிக்ஹின் இயல்புக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

ஆனால் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்நான்காண்டை ஏற்றபோது, முஸ்லிம் நீதிபதியே தீர்ப்பளிக்க வேண்டுமென்ற உலமாக்களின் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் குறை இன்றும் நெருடுகிறது. எனினும் அச்சட்டத்தில் பலரும் கவனியாத ஒரு நுட்பமுண்டு: காணாமற்போனவனுக்கு எதிரான தீர்ப்பு ஆறு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவன் திரும்பி, இல்லறக் கடமையை நிறைவேற்ற ஆயத்தமென்று மன்றத்தை நம்பச் செய்தால் தீர்ப்பு ரத்தாகும்.